திருப்பிப் போடாத கேசட்

14-11-1993, ஞாயிறு

மகன் டேனியல் துபாயில் இறந்து நாற்பது நாளாகிறது. இன்று கோயிலிலிருந்து வந்ததும் மேரி வாய் திறந்தாள்.

"அவன் பேசி அனுப்புன கேசட்டப் போடுங்க."

போட்டேன். என் குரல் வந்தது. அவன் அனுப்பும் கேசட்டின் மறுபக்கத்தில் பதில் பேசிக் கொடுத்தனுப்புவது எங்கள் வழக்கம். கடைசித் தடவை, பாவி நான், திருப்பிப் போட மறந்து அவன் பேச்சின் மேலேயே பேசித் தொலைத்திருக்கிறேன். அதை எடுத்துக்கொண்டு நாகூர்க்காரர் ஒருவர் துபாய்க்குக் கிளம்புவதற்குள் தந்தி வந்துவிட்டது.

மறுபக்கத்தில் வெறும் இரைச்சல்தான். மறுபடி திருப்பினேன்.

"அவன் குரல் எங்கங்க?"

டேப்பில் நான் பேசிக்கொண்டே இருந்தேன்.

"நாத்து விட்டாச்சுப்பா. அம்மாவுக்கு உன் பேச்சு பத்தலையாம். அடுத்த கேசட்டுல நிறையப் பேசுடா."