குசுமாவுக்கு நான் சொல்லிக் கொடுத்தது

ஐப்பசி 4, வெள்ளி
விடியலிலிருந்து தூறல். நெல் காயவில்லை. விளக்கு பூஜை ஆயிற்று.
கொழுந்தன் முருகேசன் சிலோனிலிருந்து மனைவியோடு வந்து இன்றோடு நாற்பது நாள். குசுமா சிங்களப் பெண், தமிழ் தெரியாது. தினம் சில சொற்கள் சொல்லிக் கொடுத்து, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறிக்கிறேன். இன்று: உலை, முறம், கொத்தமல்லி. மொத்தம் 63.
மத்தியானம் அக்கம்பக்கத்துப் பெண்கள் இருக்கும்போது வாசலில் நின்று "முருகேசன்!" என்று கூப்பிட்டாள். மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். "கட்டுனவன் பேரச் சொல்றாளே, அவன் ஆயுசு என்னத்துக்கு ஆவும்?"
பக்கத்து வீட்டு செல்லம்மா: "இன்னிக்கு பேரு. நாளைக்கு 'டேய்'ம்பா பாருங்க."
சிரிப்பு. புரியாமல் குசுமாவும் சிரித்தாள்.
அடுப்படிக்கு அழைத்துப் போய் விளக்கினேன். சொல் போதவில்லை. அவள் தாலியைத் தொட்டேன், வாயைப் பொத்தினேன், கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் காட்டினேன். முகம் வெளுத்துவிட்டது. "அக்கே, அக்கே" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

7, திங்கள்
நல்ல வெயில். நெல் இரண்டு மூட்டை காய்ந்தது. குசுமா இப்போது கையைத் தட்டித்தான் புருஷனைக் கூப்பிடுகிறாள். மாமியாருக்குத் திருப்தி. எனக்கும் கொஞ்சம் பெருமை.

9, புதன்
குடம் வாங்க நானும் குசுமாவும் அரியலூர் போனோம். திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். அவள் முன்பக்கம் ஏறிவிட்டாள், நான் ஏறுவதற்குள் பெரம்பலூர் பஸ் கிளம்பிவிட்டது. அடுத்த பஸ்ஸில் வந்து பார்த்தால், அவள் நம் ஊரில் இறங்கவில்லை. சொல்லிக் கொடுத்த எழுபது சொல்லில் நம் ஊர்ப் பேர் இல்லை. என் வீட்டுக்காரரும் முருகேசனும் தேடப் போயிருக்கிறார்கள். முருகா.

10, வியாழன்
கிடைத்துவிட்டாள். பெரம்பலூரில் கேட்டவர்களிடம், அன்று காதில் விழுந்த "அரியலூர்" என்பதை மட்டும் சொன்னாளாம். திருப்பி ஏற்றிவிட்டிருக்கிறார்கள். அரியலூர் பஸ் ஸ்டாண்டு பூக்காரம்மா தன் வீட்டில் வைத்துக்கொண்டு, இன்று காலை அங்கே தேடிப் போன முருகேசனிடம் சேர்த்து, கூடவே வந்து விட்டுப் போனார்.
"புருசன் பேரு என்னான்னு எத்தனை தடவ கேட்டேன்! வாயப் பொத்திக்கிட்டு அழுவுது. நானுந்தான் எங்க வூட்டுக்காரரு பேரச் சொன்னதில்ல. தொலைஞ்சு போனா ஊரக் கூட்டிச் சொல்லிப்புடுவேன்மா."
மாமியார்: "பாத்தியா, வாய் தவறியும் பேரச் சொல்லலையே! எம் மருமவ!"
நாங்களானால் "பழனி ஆண்டவர் பேரு" என்று சுற்றிச் சொல்லிவிடுவோம். அந்த வழியை அவளுக்குக் காட்டவில்லை. பயத்தை மட்டும் காட்டினேன்.
குசுமா இரண்டு வாய்கூடச் சாப்பிடவில்லை. முருகேசன் கிட்டே வந்தாலே வாயை மூடிக்கொள்கிறாள்.
"ஒண்ணும் ஆவாதுன்னு அவ பாஷையிலயே சொல்லிப் பாத்துட்டேன் அண்ணி, நம்ப மாட்டேங்குறா. என்ன சொல்லிக் குடுத்தீங்க?"


11, வெள்ளி
மழை. காலையில் விளக்கேற்றி, குசுமாவை எதிரே உட்காரவைத்தேன். என் தாலியைத் தொட்டேன். என் வீட்டுக்காரர் பேரைச் சத்தமாகச் சொன்னேன். கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் முதல் தடவை. இங்கே எழுத மனம் வரவில்லை. ஒன்றும் ஆகாது என்று சிரித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.
அவருக்கு இன்று குவாரியில் வெடி வைக்கும் வேலை. அவர் வழக்கமாக வரும் ஐந்தரை பஸ் போயிற்று. ஆறரை பஸ்ஸிலும் இறங்கவில்லை. குசுமா வாசலில் நின்று சாலையைப் பார்க்கிறாள். பிறகு என்னைப் பார்க்கிறாள்.