எக்ஸ்ரே ஆகிப்போன முதல் பில்

இன்று மதியம் மேசை இழுப்பறையில் அந்தக் கறுப்பு அட்டை கைக்கு வந்தது. லாமினேட் செய்த, ஒரு எழுத்துகூட இல்லாத, முழுக்கக் கறுத்த நீளத் துண்டு. துடைத்து வைத்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். ஜெயித்துவிட்டோம்டி. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நம் தி.நகர் பிளவுஸ் கடைக்கு ஜி.எஸ்.டி. எண் வாங்கிய பிறகு, லைனிங் துணிக்கு வந்த முதல் பில் அது. நம் கடைப் பெயரையும் எண்ணையும் அச்சில் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆயுத பூஜைக்குத் தையல் மெஷினோடு வைத்துக் கும்பிட வேண்டுமென்று லாமினேட் செய்யக் கொடுத்தேன். வெள்ளையாக உள்ளே போனது, கறுப்பாக வெளியே வந்தது. நீ அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாய்.

"இன்னாடி இது, பில்லு குடுத்தா எக்ஸ்ரே எடுத்துக்கினு வந்துகீற?"

எனக்கு அழுகை. உனக்குச் சிரிப்பு. ஆனால் சாயங்காலத்துக்குள் நாலு பேரிடம் விசாரித்து வந்தாய். அந்தக் காகிதத்தில் மையே கிடையாதாம், சூடு பட்ட இடம் கறுத்துத்தான் எழுத்து விழுமாம், சும்மா வைத்திருந்தாலும் வெளுத்துப்போகுமாம். "இத்த நம்பக்கூடாதுடி. வந்த அன்னிக்கே ஜெராக்ஸ்" என்றாய்.

அன்றிலிருந்து பிடித்தது உனக்கு அந்தப் பைத்தியம். ஒரு நீள நோட்டில் ஒவ்வொரு பில்லின் ஜெராக்ஸையும் ஒட்டுவாய். பக்கத்தில் அந்தத் துணியிலிருந்து வெட்டிய சின்னத் துண்டு. கீழே செக் நம்பர். அதற்கும் கீழே உன் வாய்க்கொழுப்பு இரண்டு வரி. இப்படிக் காசைக் கரைக்கிறாயே என்று நான் கத்தினால், "உனுக்கு பஜ்ஜி, எனுக்கு ஜெராக்ஸு. ஆளுக்கொரு செலவு" என்பாய்.

போன ஐப்பசியில் நீ போய்விட்டாய். வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் வரித்துறை இணையதளத்தைத் திறந்து பார்ப்பது உன் வழக்கம். நான் விளக்கை மட்டும் ஏற்றிக்கொண்டிருந்தேன். நோட்டீஸ் அங்கே வந்து மூன்று வாரமாகக் கிடந்ததை மயிலாப்பூர் ஆடிட்டர் போன் செய்துதான் சொன்னார். பதில் சொல்ல ஒன்பது நாள்தான் மிச்சம்.

நமக்குத் துணி விற்ற ஒரு கடைக்காரர் அந்த விற்பனையைத் தன் கணக்கில் காட்டவே இல்லையாம். அவரிடம் பில்லோடு சேர்த்துக் கொடுத்த வரியை, நாம் கட்டவேண்டிய வரியில் நீ கழித்திருந்தாய். துணி நிஜமாகவே வந்தது என்று காட்டு, இல்லையென்றால் கழித்ததை வட்டியும் அபராதமுமாகக் கட்டு என்றது நோட்டீஸ். கட்டினால் கடையை மூட வேண்டியதுதான். ஆனால் எனக்குத் தூக்கம் கெட்டது வேறொன்றால். கணக்கெல்லாம் தாக்கல் செய்தது நீ. வாங்காத துணிக்குப் பொய் பில் காட்டினாய் என்று உன்னைச் சொல்வதா? என்னைச் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

நோட்டீஸ் கேட்ட வருஷங்களின் ஒரிஜினல் பில் ஃபைலைத் திறந்த ஆடிட்டர் முகம் தொங்கிப்போனது. "என்னம்மா, எல்லாம் வெத்துக் காகிதமா இருக்கே. எதை எடுத்துண்டு போய்க் காட்டறது?"

அப்போதுதான் உறைத்தது. பரண்மேல் ஏறினேன். பதினோரு நோட்டு. தூசியோடு அப்படியே மார்பில் அணைத்துக்கொண்டு இறங்கினேன்.

விசாரணைக்கு அழைத்த அதிகாரி கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். சிரிக்கிற ரகமாகத் தெரியவில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டினார். துணித் துண்டுகளை விரலால் தடவிப் பார்த்தார். செக் நம்பர்களை வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டார். ஓரிடத்தில் நின்று உன் கையெழுத்தைச் சத்தமாகப் படித்தார்.

"பச்ச லைனிங், சாயம் போவுது. திருப்பிக் குட்த்து வேற வாங்கிக்கினு வந்தேன். கடைக்காரன் மூஞ்சிய தூக்கி வச்சிக்கினான்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பொய் பில் போடறவங்க சாயம் போச்சுன்னு சண்டை போட்டதையெல்லாம் எழுதி வைக்க மாட்டாங்கம்மா. யார் எழுதினது?"

"என் பார்ட்னர், மேடம்."

"அவங்களையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே."

"கூட்டிட்டுத்தான் வந்திருக்கேன்" என்று நோட்டின்மேல் கையை வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இன்று காலை உத்தரவு வந்தது. ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமைதான், விளக்கேற்றிவிட்டு நானே இணையதளத்தைத் திறந்து பார்த்தேன். கடையில் எட்டுப் பெண்களும் மெஷினை நிறுத்திவிட்டுக் கைதட்டினார்கள். அவர்களுக்கு பஜ்ஜி வாங்கிக்கொடுத்தேன். உனக்கு ஜெராக்ஸ் எடுக்கப் போனேன்.

"முக்கியமான பேப்பர் மாதிரி கீதே, லாமினேட் பண்ணித் தரட்டாக்கா?" என்றார் ஜெராக்ஸ் கடைக்காரர். நான் போட்ட "வேணாம்!"-இல் தெருவே திரும்பிப் பார்த்தது.

பன்னிரண்டாவது நோட்டைத் தொடங்கிவிட்டேன். முதல் பக்கத்தில் அந்த உத்தரவு. பக்கத்தில் ஒட்டத் துணி வேண்டுமே. உனக்காக நான் தைத்து, நீ போட்டுப் பார்க்காமலே போன நீல பிளவுஸின் உள்மடிப்பில் விரலளவு வெட்டி ஒட்டினேன். கீழே உன் பாணியில் இரண்டு வரி எழுதியிருக்கிறேன்:

"துணி வந்தது நெசம். அத்த வாங்கினவளும் நெசம்."