வௌவால் மிச்சம் வைத்த மாம்பழம்

சீ வெய் அண்ணா,

சிங்கப்பூர் போய்க் குண்டாகிவிட்டாயாமே? இங்கே இருந்திருந்தால் தப்பியிருக்க மாட்டாய். குண்டாக இருந்த அத்தனைக்கும் குண்டுதான். நோய் பரவுகிறதென்று நம் பன்றிகள் எல்லாவற்றையும் ராணுவம் சுட்டுப் புதைத்துவிட்டது.

சுமத்ராவில் காடு எரிந்து, புகை கடல் தாண்டி இங்கேயும் மூடியபோது, வௌவால்கள் பசியோடு நம் பன்றிக் கொட்டகை மாமரங்களுக்கு வந்தன. அவை கடித்துப் போட்ட பழங்களைப் பொறுக்கிப் பன்றித் தொட்டியில் கொட்டினேன்.

"வௌவால் விருந்து வைக்குதுப்பா, தீவனம் மிச்சம்" என்றேன்.

"கழுதை, உனக்குத்தான் வியாபார மூளை" என்று அப்பா சிரித்தார்.

பிறகு பன்றிகள் இருமின. அவற்றுக்கு மருந்து ஊட்டிய அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது.

நோய் வௌவால் எச்சிலில் வந்திருக்கலாம் என்கிறார் டாக்டர். "பழத்தை யாரு தொட்டியில போட்டது?" என்று கேட்டார்.

"காத்துல விழுந்திருக்கும், டாக்டர்."

நம்பிவிட்டார். நான் சொன்ன பொய்களிலேயே யாரும் சிரிக்காத பொய் அதுதான்.

காய்ச்சல் அப்பாவின் மூளைக்கு ஏறிவிட்டது. இனி இறங்காதாம். நேற்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தான்ப்பா போட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

"அழாதம்மா, தெரியாமத்தானே செஞ்சே" என்றார். அப்புறம் என்னை உற்றுப் பார்த்து, "நீ யாரு வீட்டுப் பொண்ணு?" என்று கேட்டார்.

உடனே கிளம்பி வா, அண்ணா.

உன் தங்கை