நாற்பதும் பழசாம்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் இருமல் குறைந்ததா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா? நான் நலம், நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

இங்கே ஒரு கூத்து. அலுவலகத்தின் நாற்பது கம்ப்யூட்டர்களிலும் லினக்ஸ் இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றினேன். எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து கண்காணிக்கும் மென்பொருளோ, நாற்பதும் பழசு என்றே காட்டியது. மேனேஜர் கூப்பிட்டார்.

"வேலையே செய்யாம லீவு கேக்கிறியா?"

"ஒரு மெஷினைத் திறந்து பாருங்க சார்."

"நான் எதுக்குப் பாக்கணும்? ரிப்போர்ட் பொய் சொல்லுமா?"

அம்மாவின் முழங்கால் ஆபரேஷனுக்காகக் கேட்ட லீவை நிறுத்திவிட்டார்.

மூன்று நாள் துழாவினேன். எனக்கு முன்னால் இருந்தவர், ஏதோ பழைய புரோகிராம் ஓடுவதற்காக, நாற்பதிலும் பதிப்பு எண் இருக்கும் ஃபைலில் பழைய எண்ணைக் கையால் எழுதி வைத்திருக்கிறார். பதிப்பை மாற்றும்போது, இருக்கிற ஃபைலை அப்படியே வைத்துக்கொள்ளவா என்று கம்ப்யூட்டர் கேட்கும். எப்போதும் 'ஆம்' சொல்ல வேண்டும் என்பது மேனேஜரே போட்ட உத்தரவு. மென்பொருள் அந்த எண்ணைத்தான் படித்திருக்கிறது.

அந்த எண்ணைத் திருத்தினேன். ரிப்போர்ட்டில் நாற்பதும் புதுசாகிவிட்டன.

"இப்பதான் வேலை முடிஞ்சிருக்கு. ஆனா உன் லீவை வேற ஆளுக்குக் குடுத்துட்டேனே," என்றார், டீயை உறிஞ்சியபடி. என்னைப் போன்ற ஒப்பந்த ஆளின் வாய்ச்சொல்லுக்கு இங்கே மதிப்பில்லை அப்பா. திரையில் தெரிந்தால்தான் உழைப்பு.

ஆஸ்பத்திரியில் எனக்குப் பதிலாக அண்ணனைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அம்மாவிடம் டிக்கெட் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள். ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோகும் முன் எனக்கு போன் போட்டு அம்மா காதில் வையுங்கள். யார் முறைத்தாலும் எடுப்பேன்.

ஆபீஸ் பஸ் வந்துவிட்டது.

உங்கள் சின்னவன்