முப்பத்தாறு கழுதைகளும் நானும்

2017 பெப்ரவரி 6, திங்கள்
கல்பிட்டியில் இன்றோடு முப்பது கழுதைகளின் இடுப்பில் சிவப்புப் பெயின்ட் பூசி முடித்தேன். ஊர்க் கழுதைகளைக் கணக்கெடுப்பதுதான் விலங்கியல் பட்டதாரி மபாஸாவாகிய என் முதல் உத்தியோகம். கிட்ட வந்து நிற்பதற்காக ஒவ்வொன்றுக்கும் பேக்கரியில் வாங்கிய பாண் துண்டு கொடுத்தேன். என்ன மூளை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மகளுக்கு என்ன வேலை என்று பக்கத்து வீட்டில் கேட்டார்களாம். கந்தோரில் மேசைக்கு முன்னால் வேலை என்றாராம் உம்மா.

பெப்ரவரி 9
நான் பெயின்ட் பூசிய பெட்டை ஒன்றின் முன்னங்காலில் கம்பி இறுகிக் கிடக்கிறது. புண் அழுகத் தொடங்கிவிட்டது. ஊரில் நூறு கழுதைகளாவது இருந்தால்தான் மேலிடத்திலிருந்து மிருக வைத்தியர்களை அனுப்புவார்களாம். அதைச் சொல்லவேண்டியது என் கணக்கு.

பெப்ரவரி 20
திரும்பவும் சுற்றி எண்ணினேன். கண்ட முப்பதில் இருபத்தைந்து பெயின்ட் பூசியவை. பூசியவையே திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டால் மொத்தமே கொஞ்சம்தான் என்று அர்த்தம். கண்டதில் ஆறில் ஐந்து பூசியவை என்றால், நான் பூசிய முப்பதும் மொத்தத்தில் ஆறில் ஐந்து. கணக்குப்படி முப்பத்தாறு. அறிக்கையை அனுப்பிவிட்டு அழுதேன். அந்தக் காலுக்கு இனி என்ன வழி?

பெப்ரவரி 21
தேத்தண்ணிக் கடை செய்னுலாப்தீன் நானா முப்பத்தாறு என்றதும் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பள்ளிவாசல் பக்கம் மட்டுமே அதைவிடக் கூட என்றார். பிறகு என் பையைப் பார்த்தார். நேற்றும் அதே பாண் பையோடுதான் போயிருந்தேன்.

"புள்ள, நீங்க கழுதையத் தேடிப் போகல்ல. பாண் திண்ட கழுதையள்தான் உங்களத் தேடி வந்தீக்கிது."

அல்லாஹ்வே! நாலு வருசம் படிச்சு என்ன கிழிச்சேன்? அதுகள்தான் என்னை எண்ணியிருக்குதுகள்.

பெப்ரவரி 22
பிழை என்னுடையது, மீண்டும் எண்ண அனுமதி வேண்டும் என்று மேலதிகாரிக்கு எழுதினேன். நாலு தடவை எழுதி அழித்தேன். பாண் என்ற சொல் வரும் இடத்தில்தான் கை நின்றது.

மார்ச் 4
அனுமதி வந்தது. வெறுங்கையோடு, வேறு தெருக்களால் போய் எண்ணினேன். கண்ட நாற்பதில் பெயின்ட் பூசியவை எட்டே எட்டு. மொத்தம் நூற்றைம்பது! பழகிய ஒன்று என் கையை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது. நியாயம்தான்.

மார்ச் 10
அனுப்புகிறார்களாம்.

மார்ச் 27, திங்கள்
வைத்தியர்கள் வந்துவிட்டார்கள். மைதானத்தில் கூடாரம், ஊசி, மருந்து எல்லாம் தயார். கழுதைதான் ஒன்றுமில்லை. கயிற்றோடு போனவர்களைக் கண்டு எல்லாம் ஓடிவிட்டன. இதுகளுக்குக் கிட்டப் போகக்கூடிய ஆள் யாராவது உண்டா என்று பெரிய டொக்டர் கேட்டார். செய்னுலாப்தீன் நானா என் பக்கம் கையைக் காட்டினார்.

எட்டு றாத்தல் பாண் வாங்கிக்கொண்டு போனேன். முதலில் வந்தது அவள்தான், கம்பி இறுகிய காலோடு நொண்டி நொண்டி.