மணல்சாக்கு இருந்த இடம்

ஆவணி 6, திங்கள்.
விடிந்ததிலிருந்து சாரல். நெல் அவிக்க அண்டாவைத் தேடினால் அதற்குள் மோட்டர் நிற்கிறது. கொழும்பிலிருந்து இவர் கொண்டுவந்தது, வள்ளத்தின் பின்பலகையில் மாட்டுவது. தண்ணீரில் நிறுத்தாமல் ஓட்டினால் உள்ளே வெந்துபோகுமாம். விசிறியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஓட்டினார். என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். அது வந்த நாள்முதல் தள்ளித்தானே நிற்கிறேன்.

பிளக்கை ஊதி ஊதித் துடைக்கிறார். எனக்கு இருமல். யார் கேட்டா.

ஆவணி 8, புதன். வெயில்.
பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு இரண்டுபேரும் அமரவிளை ஆற்றுக் கடவுக்கு. வள்ளத்தின் பின்பக்கத்தைக் கரைத் தென்னையில் கட்டிப்போட்டு ஓட்டம். முன்னால் ஒரு மணல்சாக்கு. பாரம் இல்லாவிட்டால் மூக்கு தூக்குமாம். பெட்ரோல் ஊசியைத் திருகுவார், காது கொடுப்பார். கரும்புகை என்றால் பெட்ரோல் கூடுதல். இருமிக்கொண்டு நின்றால் குறைச்சல். அது இருமினால் முகம் வாடிப்போகிறது!

கயிறு என் பொறுப்பு. "நான் கை தூக்காம அவுக்கப்பிடாது, கேட்டியா? சத்தத்துல பேச்சு கேக்காது."

வாங்க: சீரகம், சோப்பு, தீப்பெட்டி.

ஆவணி 9.
வயிறு எரிகிறது. முதல் பலாக்காய், முதல் முட்டை எல்லாம் கோயிலுக்குக் கொடுக்கிறோமே, அதுபோல முதல் சவாரியும் கோயிலுக்காம். அதாவது போதகரம்மாவுக்கு. மோட்டர்ப் பெட்டியைத் திறந்த அன்றைக்கு எனக்குத்தான் முதல் சவாரி என்று சொன்ன வாய். ஞாபகப்படுத்தினேன். நீ நம்ம ஆளாக்கும், பிறகு ஏறலாமே என்கிறார். கர்த்தருடைய பங்குக்கு எதிராக நான் என்ன பேச.

ஆவணி 11, சனி. மேகம், மழை இல்லை.
கடவில் கூட்டம். போதகரின் ஜெபம் நீளம். மணல்சாக்கை இறக்கிவிட்டு, அந்த இடத்தில் போதகரம்மா. பாலராமபுரம் சேலை, புதுக்குடை. எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை. மோட்டர் சூடாகும்வரை கட்டியே கிடக்கட்டும் என்று என்னைத் தென்னையடியில் நிறுத்தினார்.

முதல் இழுப்பிலேயே பிடித்தது. தொப்பியைச் சரிபண்ணினார். போதகரம்மாவைப் பார்த்துச் சிரிப்பு. பிடியைத் திருகினார். கை தூக்கவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நானும் அவிழ்க்கவில்லை.

தண்ணீர் கொதித்தது. தென்னை ஆடியது. வள்ளம் நின்ற இடத்திலேயே குலுங்கியது. அம்மா கண்ணை இறுக்கிக்கொண்டு சங்கீதம் சொல்லியபடி. வெகுநேரம் கழித்துத்தான் இவர் கயிற்றைக் கண்டார், மோட்டரை நிறுத்தினார்.

அம்மா கண்ணைத் திறந்தார். "ஸ்தோத்திரம். அதுக்குள்ள போயிட்டு வந்தாச்சா மக்கா?"

யாரும் திருத்தவில்லை. போதகரே கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

இவர் என்னை முறைத்தார். கை தூக்கலியே என்றேன். தொப்பியைக் கழற்றினார்.

"சரி, கயித்த அவுத்துட்டு நீ ஏறு. முன்னால பாரம் வேணும்."

மணல்சாக்கு கரையில் இவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. இவர் அதைத் தொடவில்லை. ஏறிவிட்டேன்.