துணையின்றி நடக்கிறார்

இன்று காலை குந்தா பஸ்ஸில் வந்து இறங்கிய உன் மனைவி, ஒரு பழுப்பு உறையை என்னிடம் நீட்டினாள். உன் ஊனப் பென்ஷன் மேல்முறையீட்டை விசாரிக்கப் போகிறார்களாம். நீ நேரில் ஆஜராக வேண்டுமாம், தவறினால் மனு தள்ளுபடியாம். நீ போய், வருகிற மாசியோடு மூன்று வருஷம்.

"ஏனுங்ண்ணா, இப்ப யாரை வரச் சொல்றாங்க?" என்று கேட்டாள். வாயில் வந்ததை அவள் முன்னால் சொல்ல முடியவில்லை. நீ இருந்திருந்தால் வஞ்சனையில்லாமல் சொல்லியிருப்பேன்.

பனிமலைக் காவலில் சுமையோடு சறுக்கி உன் இடுப்பெலும்பு உடைந்தபோது, உன்னைத் தூக்கிக்கொண்டு இறங்கிய நால்வரில் நானும் ஒருவன். அது பட்டாளத்தில் பட்ட அடி இல்லை என்று பின்னாளில் ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுவான் என்றால் அன்று நம்பியிருப்போமா?

உன் ஊனத்தைப் பரிசோதிக்க மெடிக்கல் போர்டு கூப்பிட்ட நாள் நினைவிருக்கிறது. குன்னூர் மேட்டை நாலு இடத்தில் நின்று நின்று ஏறினாய். வாசலுக்கு வந்ததும் கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டாய். அதிகாரி முன்னால் தடியோடு போவது மரியாதையில்லையாம். விறைப்பாக நடந்துபோய் சல்யூட் அடித்தாய். எப்படி இருக்கிறாய் என்று கேட்டார்கள். "ஃபிட், சார்!" என்றாய். அவ்வளவுதான் விசாரணை. வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

'துணையின்றி நடக்கிறார். குறைபாடு பணியால் ஏற்பட்டதல்ல.' போர்டு எழுதிய இந்த இரண்டு வரிகளைக் கண்ணில் காட்டவே அவர்களுக்கு எத்தனை மனு வேண்டியிருந்தது! முழு அறிக்கையைக் கேட்டால் உனக்கு அது தேவையில்லை என்று பதில் போட்டார்கள். கல்நெஞ்சக்காரர்கள்.

"நான் தோத்தாலும் தேவலைடா. என்ன எழுதுனாங்கன்னு காட்டட்டும், என்னையும் ஒரு வார்த்த கேக்கட்டும். அப்பறம் தள்ளுபடி பண்ணட்டும். நாட்டுச் சட்டத்துல அது எனக்கும் இருக்குதல்ல?" என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாய். நீ போன பிறகு இப்போது கேட்க வருகிறார்கள்.

உன் மேலும் எனக்குக் கோபம்தான். வீட்டில் முனகியதில் பாதியை அந்த அறையில் முனகியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? பட்டாளம் உன்னைக் கைகழுவிவிட்டது, நீ பட்டாளத்தை விடவில்லை.

விசாரணைக்கு உன் மனைவி போகிறாள். நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் உன்னிடம் சொல்லாத ஒன்றை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். அன்று அந்தக் கதவு பாதி திறந்துதான் இருந்தது. உன் கால் நடுங்குவது எனக்குத் தெரிந்தது. "இவனால நிக்க முடியாது, சார்" என்று சொல்லத்தான் ஓரடி எடுத்து வைத்தேன். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். நானும் அட்டென்ஷனில் நின்றுவிட்டேன்.